அம்மாவின் கன்னத்துக் கட்டி: நாங்கள் கடந்து வந்தது

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்குக் கன்னம் வீங்கினாலும் பொன்னுக்கு வீங்கி என்பார்கள், உடனே யாராவது ஒரு தங்கச் சங்கிலியைக் கொண்டுவந்து கழுத்தில் போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கும் போட்டார்கள். ஆனால் பொன்னுக்கு வீங்கி ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும், இதுவோ வலியே இல்லாமல் காது மடலுக்குக் கீழே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓபியில் காது மூக்கு தொண்டை டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்ததைவிட, கண்ணை இறுக்கி மூடுங்க, புருவத்தைத் தூக்குங்க, பல்லைக் காட்டுங்க என்று முகத்தைச் சோதித்ததுதான் அதிகம். கட்டி இருந்தது காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில், முகத்தை அசைக்கும் நரம்பு அதற்குள்ளேதான் கிளை பிரிகிறதாம். இங்கே வரும் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டிதான் என்றார். அம்மாவுடையது மீதி 20-இல் விழுந்தது. ஊசி டெஸ்ட், எம்ஆர்ஐ எல்லாம் முடிந்து வந்த பெயர் மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா, உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். பெயர் பயமுறுத்தியது, ஆனால் சிகிச்சையை முடிவு செய்வதில் அந்தப் பெயரைவிட கிரேடுக்கும் (செல்கள் எவ்வளவு தீவிரமானவை என்ற அளவு), கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கும்தான் கனம் அதிகம்.

கட்டியை எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் முகத்து நரம்பைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அம்மாவுக்கு நரம்பை வெட்டவில்லை, ஆனாலும் கொஞ்ச காலம் ஒரு கண் முழுசாக மூடவில்லை, பகலில் சொட்டு மருந்து, ராத்திரி இமைமேல் டேப். மெதுவாகச் சரியானது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்ததால் பணத்துக்கு அலையவில்லை.

அடுத்தது ரேடியேஷன், எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல 'கரண்ட்' வைப்பது. வாரம் ஐந்து நாள், ஆறு வாரத்துக்கு மேல். அதற்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள், ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, புண் ஆறியபிறகுதான் ஆரம்பித்தார்கள். ரேடியேஷனால் எச்சில் குறைந்தால் பல் வேகமாகச் சொத்தையாகும், கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறுவதே கஷ்டம். பல்வலிக்கு யார் இப்போது போவது என்று தள்ளிப்போடாதீர்கள். வாய் புண்ணாகி, காசிமேட்டு வஞ்சிரக் குழம்பை வாசனை மட்டும் பிடித்துவிட்டு அம்மா குழைந்த தயிர்சாதம்தான் சாப்பிட்டார்.

இப்போது சாப்பிடும்போது அந்தக் கன்னம் மட்டும் வியர்க்கும். முகத்து நரம்பு அல்ல, ஆபரேஷனில் வெட்டுப்பட்ட, எச்சில் சுரக்க வைக்கும் சிறு நரம்புகளின் நுனிகள் வளர்ந்துபோய் வியர்வைச் சுரப்பியில் சேர்ந்துகொள்வதால் வருவது இது, ஆபத்தில்லை. செக்கப் மட்டும் விடவில்லை, இந்த வகை நுரையீரலுக்கும் போகலாம் என்பதால் நெஞ்சையும் படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.