ஆறு வற்றிய ஊரில் ஒரு கயாக்

நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். சாமி இல்லாத கோயில் என்பதும் அதோடு சேர்ந்திருந்தது. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்ததும் அந்த ஒன்று அடிபட்டுப் போயிற்று. ஆறு மட்டும் அப்படியேதான். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுவதாகச் சொல்லப்படும் பாலாற்றில் நான் பள்ளி நாட்களில் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகை வாங்கினால் தெரு சும்மா இருக்குமா? "எந்தக் கடலுக்கு சார்?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

எல்லாவற்றுக்கும் காரணம் 2021 நவம்பர். அந்த மாதம் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகப் போன தண்ணீரில் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி, உபரி நீர் வழியும் கடைவாசலில் விழுந்தது. வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். எல்லோரும் விழுகிற தண்ணீரைப் பார்த்தார்கள். நான் ஏரியின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்று தூண்டில் போடுகிறவனுக்குத் தீராத குறை ஒன்று உண்டு: மீன்கள் அத்தனையும், தான் எறியும் தூரத்துக்கு நாலு முழம் அப்பால் குடியிருப்பதாகவே அவனுக்குத் தோன்றும். இருபது வருடக் குறை எனக்கு.

2022 ஜனவரி

முதலில் வாங்கியது காற்றடைக்கும் கயாக். மடித்தால் ஸ்கூட்டர் முன்பக்கம் அடங்கும், விலையும் குறைவு. இந்த இரண்டையும் தவிர அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை.

தண்ணீரில் இறங்கும் முன் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. இங்கே ஏரி மீன் ஊரார் எல்லோருக்கும் உரியது அல்ல. குத்தகைக்கு ஏலம் போகும். எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, காவல் வைத்து வளர்ப்பார். நான் போகும் ஏரி காவேரிப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் உள்ள சிற்றேரி. பெயரைச் சொன்னால் குத்தகைக்காரர் கோபித்துக்கொள்வார். அவரை டீக்கடையில் பிடித்து, மூன்று முறை பேசி, ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வலை கூடாது, தூண்டில் மட்டும். அவர் குஞ்சு விட்ட கட்லாவும் ரோகுவும் தூண்டிலில் பட்டால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட வேண்டும். தானாக வந்து சேர்ந்த விராலும் கெளுத்தியும் ஜிலேபியும் எனக்கு. "ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துப் போ, அது தொலைந்தால் போதும்" என்றார்.

முதல் நாள் காலையில் மதகு ஓரமாக இறங்கினேன். முதுகில் இதமான காற்று. நாலு துடுப்பு போட்டால் நாற்பது அடி போனது. பிறவிப் படகோட்டி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எதிர்க்கரைப் பக்கம் போய்த் தூண்டில் போட்டு, இரண்டு ஜிலேபி பிடித்து, ஒன்பதரை மணிக்குத் திரும்பினால் கயாக் நகரவில்லை. காற்றடைத்த படகு தண்ணீருக்குள் அமிழாது, மேலே மிதக்கும்; அதன் உடம்பு முழுவதும் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். துடுப்பு போடுகிற வரை நின்ற இடத்தில் நிற்கும், நிறுத்தினால் பின்னால் போகும். கால் மணி நேரத்தில் வந்த தூரத்தைக் கடக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இதையெல்லாம் ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தகைக்காரரிடம் வலை போடுகிறவர். அவருடைய படகு ஒரு லாரி ட்யூப். நடுவில் கயிறு பின்னி உட்கார்ந்து, இரண்டு கையிலும் ஆளுக்கொரு பலகைத் துண்டைப் பிடித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவார். கரைக்கு வந்தபோது சொன்னார்: "போகும்போது காற்றை எதிர்த்துப் போ நைனா. களைத்துப் போனால் அதுவே உன்னைக் கொண்டு வந்து சேர்க்கும்."

என் குறிப்பேட்டில் அன்று எழுதியது: 'ஜிலேபி 2.' அவர் சொன்னதை எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

மூன்றாவது முறை போனபோது கருவேல முள் குத்தியது. எங்கள் ஏரிகளின் உட்புறமெல்லாம் கருவேல மரம். தண்ணீர் ஏறினால் பாதி மரம் மூழ்கி நிற்கும். விரால் அதன் அடியில்தான் இருக்கும். ஆக, மீன் இருக்கும் இடத்துக்கு என் படகு போக முடியாது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினோம். ட்யூப் ஒட்டும் ரப்பர் பசை பிவிசி துணியில் நிற்காது என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. பிவிசிக்கென்று தனிப் பசை இருக்கிறது, அதில் ஒட்டினால் நிற்கிறது. நின்றும் பயனில்லை. அடுத்த வாரம் அடுத்த முள்.

நடுவில் சாத்தனூர் அணைக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்செடுத்தேன். "அங்கே முதலைப் பண்ணை இருக்கிறது" என்றாள் மனைவி. பேச்சு முடிந்தது.

2022 டிசம்பர்

புதுச்சேரியில் ஒருவர் பழைய பிளாஸ்டிக் கயாக் விற்றார். பத்து அடி நீளம், இருபத்தேழு கிலோ. உள்ளே நுழைந்து உட்காரும் வகை அல்ல, மேலே உட்காரும் வகை. தளத்தில் ஓட்டைகள் உண்டு. உள்ளே அடித்த தண்ணீர் அவற்றின் வழியே தானாக வடிந்துவிடும். ஓட்டைப் படகை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று அம்மா கேட்டார். குட்டி யானை வண்டி வாடகைக்குப் பிடித்து வேலூர் கொண்டு வந்தேன்.

தூண்டில் முள்ளைத் தொடுவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே கவிழ்ந்து பழகினேன். உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தொடங்கி, பிறகு நிலைக்காத ஆழத்தில். ஏறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. படகை நிமிர்த்தி, அதன் குறுக்கே கையை வைத்து, காலை நீச்சலடிப்பது போல் உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வயிற்றால் படகின் மேல் ஏறிக் குப்புறக் கிடந்து, புரண்டு, பிட்டத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகத்தான் காலைத் தூக்க வேண்டும். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு ஏறப் பார்த்தால் படகு உங்கள் மேலேயே கவிழும். எனக்கு ஆறு முறை கவிழ்ந்தது. கரையில் மாடு மேய்த்த சிறுவர்கள் எண்ணிச் சொன்னார்கள்.

அவ்வளவு பழகியும் பழகாத விதத்தில் கவிழ்ந்தேன். கருவேலங் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பதற்காக நங்கூரத்தைப் போட்டு, கைக்கு எட்டிய நடுப்பக்கக் கைப்பிடியில் கயிற்றைக் கட்டினேன். காற்று எழுந்ததும் படகு குறுக்காக நின்றது. கயிறு ஒரு பக்கத்தைக் கீழே இழுக்க, அலை அதே பக்கம் ஏறியது. அடுத்து நான் பார்த்தது ஏரியின் உட்புறம். தூண்டில் சாமான் பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது நங்கூரக் கயிறு பின்முனையில்தான். அவசரத்துக்கு அறுக்க இடுப்பில் சிறு கத்தி. துடுப்பு, கோல், பெட்டி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு கயிறு. பார்த்தால் கோயில் தேர் போல் இருக்கும், இருக்கட்டும்.

விரால் கிடைத்தது இதற்கு அடுத்த வாரம். விராலைத் தேடுகிறவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அது நீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். 'பொளக்' என்று ஒரு சத்தம், பாசிக்கிடையில் ஒரு வளையம். அந்த இடத்தைத் தாண்டி ரப்பர் தவளையை எறிந்து, பாசிமேல் தத்தித் தத்தி இழுக்க வேண்டும். தவளையின் முட்கள் மேல்நோக்கி வயிற்றோடு ஒட்டியிருப்பதால் பாசியில் சிக்காது. வெடித்தது போல் தண்ணீர் பிளந்ததும் நான் உடனே இழுத்தேன். தவளை மட்டும் பறந்து வந்து நெற்றியில் அடித்தது. நாலாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு இழுத்தேன். முக்கால் கிலோ இருக்கும். கயாக்கையே அரை வட்டம் சுற்றவைத்தது. கரையில் இருபது வருடம் பிடித்த எந்த மீனும் என்னைச் சுற்றவைத்தது இல்லை.

ஒன்று மட்டும். செந்நிறக் குஞ்சுகள் பந்து போல் திரண்டு மேலே மிதப்பதைப் பார்த்தால் நான் எறிவதில்லை. கீழே தாயும் தந்தையும் காவலுக்கு நிற்கும். எதை எறிந்தாலும் கோபத்தில் கடிக்கும். அதைப் பிடிப்பதில் என்ன திறமை இருக்கிறது? பெற்றவை போனால் அன்று மாலைக்குள் மற்ற மீன்கள் அந்தப் பந்தைத் தின்று தீர்த்துவிடும்.

2023 பிப்ரவரி

ஏரியில் கை பழகியதும் ஆசை உப்புத் தண்ணீருக்குப் போயிற்று. நண்பரின் காரில் கயாக்கைக் கட்டி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் வழியாகக் கடப்பாக்கம். அங்கே ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்களை ஒட்டி உப்பங்கழி கிடக்கிறது. 1760-இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை. எங்கள் கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் பரிதாபமாகத்தான் தெரிந்தது.

குப்பத்தில் கேட்டுக்கொண்டுதான் இறங்கினேன். "வலை கட்டியிருக்கும் கம்புப் பக்கம் போகாதே தம்பி, வேறு எங்கே வேண்டுமானாலும் போ" என்றார்கள். கொடுவா கனவோடு முகத்துவாரத்தை நோக்கித் துடுப்பு போட்டேன். என்ன வேகம்! முதுகில் வாடைக்காற்று, கீழே, கடலுக்கு வற்றிக்கொண்டிருந்த தண்ணீர். ஒரு வருடத்தில் தோள் இவ்வளவு உரமேறிவிட்டதே என்று மகிழ்ந்தேன். லாரி ட்யூப் பெரியவரின் முகம் ஒரு நொடி வந்து போனது. அவர் ஏரிக்காரர், இது கடல் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குத் திரும்பினேன். அதாவது, திரும்பிப் பார்த்தேன். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து எதிரே நின்றன. ஏரியில் காற்று ஒன்றுதான் எதிரி. இருபது நிமிடம் போராடியதில் பக்கத்துக் கம்பு பக்கத்திலேயே இருந்தது. ஆழம் குறைந்த பக்கமாக ஒதுங்கி, இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் வரை சேறு, சேற்றுக்குள் சிப்பி ஓடு. வலது காலில் நாலு இடத்தில் கிழித்தது.

அந்தச் சேற்றில் ஓர் அம்மா மார்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் தரையைத் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போடுவார். பறி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. என் படகையும், கோல் செருகும் குழாய்களையும், காலியான மீன் பையையும் நிதானமாகப் பார்த்தார். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எதற்குத் தம்பி இழுக்கிறாய்? தண்ணீர் திரும்பும், உட்கார்" என்றார்.

உட்கார்ந்தேன். கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். வற்றமும் ஏற்றமும் ஏறத்தாழ ஆறு மணிக்கொரு முறை மாறும் என்று எனக்குத் தெரியாதா என்ன? படித்ததுதான். ஒன்றரை மணி நேரத்தில் நுரை நின்றது, பிறகு மெல்ல உள்பக்கம் நகர்ந்தது. அதோடு நானும் நகர்ந்தேன். காற்று முகத்தில் அடித்தாலும் படகு போயிற்று. வழியில் சாண் நீளத்தில் ஒரு கிழங்கான் மாட்டியது. நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு கிழங்கான்.

அதன் பிறகு

குறிப்பேடு மாறியிருக்கிறது. முன்பு 'ஜிலேபி 2' என்று தொடங்கும். இப்போது 'காலை 6, மேற்கு, லேசு, 8.30-க்குத் திரும்பியது' என்று காற்றில் தொடங்கி, மீன் இருந்தால் கடைசி வரியில் வருகிறது. ஆடி மாதத்தில் ஒரே வரிதான்: 'போகவில்லை.'

போன மாதம் பெரியவரைக் கயாக்கில் ஏற்றினேன். ட்யூபில் உட்காருவது போலவே இரண்டு காலையும் இரு பக்கமும் தொங்கப்போட்டுக்கொண்டார். துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தன் பலகைத் துண்டுகளாலேயே தள்ளிக்கொண்டு, காற்றை எதிர்த்து, மதகு வரை போய் வந்தார். "நன்றாகத்தான் இருக்கிறது நைனா. வலையை எங்கே வைப்பது?" என்றார்.

இப்போது நவரைப் பயிருக்கு மதகைத் திறந்துவிட்டார்கள். ஏரி சுருங்கி, நான் கவிழ்ந்த கருவேல மரம் தரையில் நிற்கிறது. பெட்டியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கயாக்கை மாடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். வெயிலில் பிளாஸ்டிக் கெட்டுவிடும், மேலே துணி போட வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். நேற்று போய்ப் பார்த்தால் பழைய வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் வரிசையாக வடகம் பிழிந்திருக்கிறார்கள்.