கேரட் மூட்டையும் பாவசங்கீர்த்தனமும்

17 வருடம் நான் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, அதாவது குருவிடம் போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போவேன், கடைசியில் நிற்பேன், எல்லோரும் நன்மை (இயேசுவின் உடலாக நாங்கள் ஏற்கிற அப்பம்) வாங்க வரிசையில் போகும்போது வெளியே வந்துவிடுவேன். இத்தனைக்கும் வீடு ஊட்டி காந்தலில். குருசடித் திருத்தலம் நடந்து போகிற தூரம். இயேசு அறையுண்ட சிலுவையின் திருப்பண்டம், அதாவது அதன் சிறு துண்டு, அங்கே இருக்கிறது. மே 3 திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ மலையேறி வருகிறார்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவேன், வண்டியை நிறுத்தமாட்டேன்.

2025 தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், என் மகள் புது நன்மைக்கு, அதாவது முதன்முறை நன்மை வாங்க, தயாராகிக்கொண்டிருந்தாள். மார்ச் 5 சாம்பல் புதனுக்கு அப்புறம் தினமும் ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து மறைக்கல்விப் பாடத்தை ஒப்பிப்பாள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம்: பாவங்களை நினைத்துப் பார்க்கிறது, அதற்காக மனம் வருந்துகிறது, இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுக்கிறது, குருவிடம் சொல்கிறது, பரிகாரம் செய்கிறது. ஐந்தாவது மட்டும் அவளுக்கு அடிக்கடி மறந்துபோகும். நான்தான் எடுத்துக்கொடுப்பேன். நாலைந்து நாள் எடுத்துக்கொடுத்த பிறகு, அந்தச் சொல்லை வாயால் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

காரணம் என் தொழில். கேத்தி பாலாடா பக்கம் சிறு விவசாயிகளிடம் கேரட் வாங்கி, கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுகிறேன். தோட்டத்தில் எடை போடும்போது ஈர மண்ணுக்கென்று மூட்டைக்கு இவ்வளவு கிலோ என்று கழிப்போம். அதில் தப்பில்லை, மண் நிஜமாகவே இருக்கும். ஆனால் மூன்று கிலோ மண் இருக்கிற மூட்டையில் நான் ஐந்து கழித்தேன். வெயில் காய்ந்த நாளிலும் ஐந்துதான். யாரும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த முறை வண்டி வராதோ என்ற பயம் அவர்களுக்கு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதற்கு முந்தின ராத்திரி பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தாளில் எழுதினேன். எப்படித் தொடங்குவது என்றே மறந்திருந்தது. குருவின் முன் மண்டியிட்டதும் அதைத்தான் முதலில் சொன்னேன். சாமி, "பரவாயில்லை தம்பி, நான் சொல்லித் தர்றேன்" என்றார். ரொம்ப நாளாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: அந்த ஒரு நிமிஷம்தான் கடினம். அங்கே சொன்னதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. நான் சொல்வதற்குத் தடை ஏதும் இல்லை.

'களவு செய்யாதே' என்ற ஏழாவது கட்டளைக்கு வந்தபோது, "வியாபாரத்துல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்திருக்கு" என்று சொல்லி நகரப் பார்த்தேன். அவர் நிறுத்தினார். என்னவென்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரெண்டு கிலோ யாரோடது தம்பி?" என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மன்னிப்புக் கிடைத்தது. கூடவே வழியும் சொன்னார். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்கு. ஆளே தெரியவில்லை என்றால் ஏழைகளுக்கு. ஒரே நாளில் முடியாவிட்டால் முடிகிறபடி, ஆனால் விடக்கூடாது. பரிகாரமாக ஒரு சிலுவைப்பாதை, அதாவது இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கிற செபம். பதினான்கு நிலைகளையும் அன்றைக்கே முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் நன்மை வாங்கினேன்.

மனைவியிடம் சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன். "ஏங்க, முதல்ல பேரை எழுதுவோம்" என்று மகளின் பழைய நோட்டை எடுத்துவந்தாள். பழைய பில் புத்தகங்களைப் புரட்டி 43 பேர் எழுதினோம். பைபிளில் வருகிற வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னார். எனக்கு ஒரு மடங்குக்கே மூச்சு முட்டியது. இப்போதும் சரக்குத் தருகிறவர்களுக்கு ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறேன். கழிவை இப்போது கண்ணால் பார்த்துத்தான் போடுகிறேன்: ஒரு மூட்டையைப் பிரித்துக் கழுவி, முன்னும் பின்னும் எடை பார்த்து, அவர்கள் முன்னாலேயே. லாபம் குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் தராசு முன் நிற்கும்போது யார் முகத்தையும் தவிர்க்க வேண்டியதில்லை.

அதோடு காலையும் மாறியது. விடியுமுன் வண்டி எடுக்கும்போது செபமாலை தொடங்கினால் லவ்டேல் தாண்டுவதற்குள் பாதி முடிந்துவிடும். செவ்வாய், வெள்ளியில் துயர மறை உண்மைகள், அதாவது இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற பகுதி. அவருடைய இரத்த வியர்வையைத் தியானிக்கிற அந்த முதல் பத்து மணிகளின் செபத்தை, உறைபனியில் விரல் விறைக்கச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. கவனம் சிதறும். சிதறினாலும் சொல்கிறேன். இரவில் பிள்ளைகளோடு செபமாலையில் பத்து மணிகள் மட்டும். மாதத்துக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம்.

போன வாரம் ஒரு பெரியவர் பில்லை இரண்டு முறை பார்த்துவிட்டு, "தம்பி, கணக்குல கூட வந்திருக்கே" என்று ரூபாய் நோட்டை என்னிடமே நீட்டினார். "உங்க காசுதான் அய்யா" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அவர் மடித்து வேட்டியில் சொருகிக்கொண்டார்.

நோட்டில் இன்னும் 11 பேர் பாக்கி. அதில் ஒருவர் இறந்துவிட்டார், மகன் குன்னூரில் இருப்பதாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை போக வேண்டும்.