குத்துவது ஒரு நொடி, ஆறுவது ஒன்பது மாதம்

ஊசி உள்ளே போய் வெளியே வர ஒரு மூச்சு விடும் நேரம் போதும். காதின் கீழ்மடலில் குத்தினால் ஆற 6 முதல் 8 வாரம். அதே காதின் மேல்விளிம்பில், குருத்தெலும்பில் குத்தினால் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம். தொப்புளுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. நாக்கில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். தன்னை வெளிப்படுத்தக் குத்திக்கொள்கிறவர்களும் சரி, வேண்டுதலாகக் குத்திக்கொள்கிறவர்களும் சரி, பேசுவதெல்லாம் அந்த ஒரு மூச்சைப் பற்றித்தான்: வலி, துணிச்சல், அதன்பின் தலைக்கேறும் மிதப்பு. உடலுக்கோ வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

பழைய மரபுகளுக்கு இது தெரிந்திருந்தது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் உளி போன்ற கருவியால் முகத்தில் மோகோ என்ற பச்சையைச் செதுக்கியபோது உதடு வீங்கி வாய் திறக்க முடியாது. கொரேரே என்ற, வேலைப்பாடு மிகுந்த மரப் புனல் வழியாகத்தான் ஆகாரம் ஊட்டினார்கள். சமோவாவில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்தப்படும் பெஆ என்ற பச்சையைப் பாதியில் விட்டவருக்கு ‘பெஆ மூட்டு’ என்று பெயர், அது அவமானம். தாய்லாந்தில் சக் யந்த் என்ற மந்திரப் பச்சையைக் குத்தி முடித்ததும் குரு சில விதிகளைச் சொல்லி அனுப்புவார். அவற்றை மீறினால் யந்திரத்தின் சக்தி போய்விடும் என்பது நம்பிக்கை. எங்கேயும் ஊசியோடு சடங்கு முடியவில்லை.

தைப்பூசத்தில் கன்னத்தில் குத்தும் அலகு சீக்கிரம் ஆறுகிறதே, மூக்குத்தி ஏன் மாதக்கணக்கில் படுத்துகிறது என்று சிலர் கேட்பதுண்டு. அலகை அன்றைக்கே உருவிவிடுகிறார்கள். காயத்தின் இரு சுவர்களும் சேர்ந்து மூடிக்கொள்ளும். நகை உள்ளேயே இருக்கும்போது மூட வழியில்லை. உடல் அதைச் சுற்றித் தோலால் ஒரு குழாய் கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு வாயிலிலிருந்தும் தோல் மெல்ல உள்நோக்கி நகர்ந்து, நடுவில் சந்திக்க வேண்டும். அதனால் வெளியே முதலில் ஆறும், நடுவில் கடைசியில். இரண்டாம் மாதம் கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். அப்போது நகையை மாற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய தோல் கிழியும், முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். துளைகள் கெடுவதற்கு இந்த அவசரம் ஒரு பெரிய காரணம்.

உள்ளே போகும் உலோகம் எது என்பது அடுத்தது. ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்ற சொல்லுக்கு ஒரே நிர்ணயம் கிடையாது, எதையும் அப்படி விற்கலாம். கேட்க வேண்டியது ஏஎஸ்டிஎம் எஃப்136 தர டைட்டானியம். உடலுக்குள் வைக்கும் உள்பொருத்துகளுக்கு வகுத்த தரம் அது. நயோபியமும் நல்லது. தங்கமென்றால் 14 காரட்டுக்குக் குறையாத, நிக்கல் கலக்காத முழுத் தங்கம். முலாம் வேண்டாம், உரியும். வெள்ளி ஆறிய துளைக்குத்தான், புதுக் காயத்தில் கறுத்துத் தோலில் கறை பிடிக்கும். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், துளைக்குள் நுழையும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குமேல் நிக்கல் கசியக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

குருத்தெலும்புக்கு வழக்கமான தடிமன் 16 கேஜ், அதாவது 1.2 மி.மீ. நாக்குக்கு 14 கேஜ், 1.6 மி.மீ. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். மெல்லிய கம்பி மென்மையாக இருக்கும் என்று நினைத்து 20 கேஜ் கேட்கிறவர்கள் உண்டு; எடை தொங்கும் இடத்தில் மெல்லிய கம்பி தோலை அறுக்கும். முதல் தண்டு வேண்டுமென்றே நீளமாக இருக்கும், வீக்கத்துக்கு இடம் வேண்டுமே. வீக்கம் வடிந்தபின், 4 முதல் 8 வாரத்தில், குத்தியவரிடமே போய்க் குட்டைத் தண்டு மாற்ற வேண்டும். 8 மி.மீ. இருந்த இடத்தில் 6 மி.மீ. வரும். மேலே சொன்ன ‘மாற்றாதே’ விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. இதைத் தவறவிட்டால் நீண்ட தண்டு முடியில் மாட்டும், தலையணையில் அழுந்தும், துளை சாயும். சாய்ந்த துளையின் ஓரத்தில் சிவப்பாக, ஈரமாக, மிளகளவு ஒரு முடிச்சு எழும்பும்.

அந்த முடிச்சைப் பார்த்ததும் ‘கீலாய்டு’ (அளவுமீறி வளரும் தழும்பு) என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அது உரசலால் வந்த முடிச்சுதான். கீலாய்டு மாதங்கள் கழித்து வரும், கெட்டியாக இருக்கும், துளையின் எல்லையைத் தாண்டிப் பரவும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருக்கலாம். உரசல் முடிச்சில் டீ ட்ரீ எண்ணெய், ஆஸ்பிரின் பசை என்று எதையாவது தடவினால் மேலும் எரிச்சல்தான். காரணத்தை எடுங்கள்: தண்டின் நீளம், உலோகம், தூங்கும் பக்கம்.

கழுவுவதற்கு 0.9 சதவீத கிருமியற்ற உப்புக் கரைசல், ஒரு நாளைக்கு இரண்டு முறை, போதும். வீட்டில் கலக்கினால் பலருக்கும் உப்பு கூடிப்போகிறது. உப்பு கூடினால் காயம் வறளும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு புதுச் செல்லையும் கொல்லும். தண்டைச் சுழற்றுவது பழைய அறிவுரை, விட்டுவிடுங்கள். காலையில் தண்டின் அடியில் வெளிர்மஞ்சளாக, சர்க்கரைப் பாகு உறைந்ததுபோல் ஒரு பொருக்கு இருக்கும். அது காய்ந்த நிணநீர், சீழ் அல்ல. நகத்தால் பெயர்க்காமல், குளிக்கும்போது வெந்நீரில் ஊறவிட்டால் தானே வழுக்கி வரும்.

சீழ் வேறு: கெட்டியாக, பச்சையாக, நாற்றத்தோடு, சூடும் துடிக்கும் வலியுமாக வரும். குருத்தெலும்பில் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அங்கே குடியேறினால் சில நாளில் காதின் வடிவமே சுருங்கிப்போகலாம். நகையை நீங்களாகக் கழற்ற வேண்டாம். துளையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளே அடைபடும். காது குத்தும் துப்பாக்கிக் கருவியான கன் வைத்துக் குருத்தெலும்பில் குத்தவே கூடாது என்பதற்கும் காரணம் இங்கேதான்: அது கூர் ஊசி அல்ல, மொட்டைக் கம்பியை நசுக்கித் தள்ளுகிறது, அதன் பிளாஸ்டிக் உடலை, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில், 121 டிகிரியில் 15 நிமிடம், வைக்கவும் முடியாது.

சடங்காகச் செய்கிறவர்களுக்குச் சில நடைமுறைகள். உபவாசம் இருந்துவிட்டு உட்கார்ந்து குத்திக்கொண்டால் மயக்கம் வர வாய்ப்பு அதிகம். உண்ண மனமில்லையென்றால் படுத்துக்கொண்டு குத்துங்கள். தூபமும் விளக்கும் ஊசி உறையைப் பிரிக்குமுன் முடியட்டும். புகையும் சாம்பலும் காற்றில் மிதக்கும். புனித நீர், எண்ணெய், சாம்பல் எதுவானாலும் முந்தின நாளோ, நெற்றியிலோ. திறந்த காயத்தில் வேண்டாம். மந்திரம் சொல்வதானால் நீண்ட மூச்சை வெளியே விடும் வரியில் ஊசி போகும்படி குத்துபவரோடு முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம், தசை அப்போதுதான் தளர்ந்திருக்கும்.

பச்சை குத்துவதில் கதை சற்று வேறு. மை நிற்பது 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில். மேலோடு நின்றால் தோலோடு உதிரும், ஆழம் கூடினால் கோடு நீலமாகப் பரவும். ஆல்ப்ஸ் மலைப் பனியில் உறைந்து கிடைத்த ஓட்சி என்ற பழங்கால மனிதனின் உடலில் ஏறத்தாழ 5,300 ஆண்டுக்குப் பிறகும் 61 குறிகள் தெரிகின்றன, எல்லாம் கரி. இன்றும் நிலைத்து நிற்பதில் கறுப்பை எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு. மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம். அதுவரை குளம், கடல், நேர்வெயில் மூன்றும் விலக்கு.

புருவம், தொப்புள், மார்பின் மேல்தோல் போன்ற இடங்களில் உடல் சிலசமயம் நகையை ஏற்காது. நகையின் இரு முனைகளிலும் உள்ள குண்டுகளுக்கு நடுவே உள்ள தோலை மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், தோல் பளபளத்துக் காகிதம்போல் மெலிந்து உள்ளே கம்பியின் நிறம் தெரிந்தால், உடல் அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 5 மி.மீ.க்குக் கீழே போகும்போதே எடுத்துவிட்டால் இரண்டு புள்ளித் தழும்போடு போகும். நேர்ந்துகொண்டது என்று பிடிவாதமாக வைத்திருந்தால் தானே அறுத்துக்கொண்டு வரும். அப்போது இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு கோடும் விழும், அந்த இடத்தில் மறுபடி குத்துவது கடினம்.