படிப்பு நிறைவுச் சான்றிதழில் ஒரு வரி: ஹெமட்டோபெத்தாலஜி ஃபெல்லோஷிப்பில் சேர்ந்த அனுபவம்

ஹெமட்டோபெத்தாலஜி (ரத்தம், எலும்பு மஜ்ஜை நோய்களை ஆய்வகத்தில் கண்டறியும் துறை) ஃபெல்லோஷிப்பில், அதாவது சிறப்புப் பயிற்சியில், சேர நினைக்கும் எம்.டி. பெத்தாலஜி (நோய்க்குறியியல்) மருத்துவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நேர்காணலில் நுண்ணோக்கியின் கீழ் என்ன ஸ்லைடு வைப்பார்கள் என்பதைத்தான். அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு ஓராண்டு வீணாகியிருக்கும் என்றால், அதற்குக் காரணம் ஸ்லைடு அல்ல, நான் நான்கு ஆண்டுகளாகப் பிரித்துப் படிக்காமல் வைத்திருந்த ஒரு சான்றிதழ்.

கோபிசெட்டிபாளையத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சத்தியமங்கலம் மலைப்பகுதியிலிருந்து ஒரு சிறுவனின் ரத்தம் வந்தது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. வரைபடத்தில் இயல்பான ஏ, அரிவாள் செல் நோய்க்குரிய எஸ் இரண்டு ஹீமோகுளோபினும் இருந்தன. ஏ கூடுதலாக இருந்ததால், அரிவாள் செல் மரபைச் சுமப்பவன் மட்டுமே என்று எழுதிவிடப் பார்த்தேன். ஆனால் வெறும் சுமப்பவனுக்கு ஹீமோகுளோபின் 6 கிராமுக்கு இறங்காதே என்ற உறுத்தலில் தாயை அழைத்துக் கேட்டபோது, "போன மாசந்தானுங்க ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க" என்றார். நான் பார்த்த ஏ ஹீமோகுளோபின், ரத்தம் கொடுத்தவருடையது. பரிசோதனைச் சீட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாய் தகப்பன் இருவரின் ரத்தத்தையும் சோதித்த பிறகுதான் அவனுக்கு நோயே இருக்கிறது என்பது உறுதியானது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் மரபு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் தடுமாறியது என்னை மிகவும் வருத்தியது. முறையாகப் பயில வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

எம்.டி.-க்குப் பிந்தைய உயர்சிறப்புப் பட்டமான டி.எம். படிப்பு மூன்று ஆண்டுகள். சண்டிகர், டெல்லி போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். வீட்டுச் சூழலில் அது முடியாததால், 2023-இல் சென்னையில் ஓராண்டு ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். (ஃபெல்லோஷிப், டி.எம். பட்டத்துக்கு ஈடாகாது, ஆசிரியர் பணியை மனத்தில் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.) விண்ணப்பம், கட்டணம் எல்லாம் தடையின்றி முடிந்தன. நேர்காணலன்று காலை சான்றிதழ் சரிபார்ப்பில்தான் அடி விழுந்தது.

என் படிப்பு நிறைவுச் சான்றிதழை இரண்டு முறை படித்த அலுவலர், தாளை என் பக்கம் திருப்பி ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். 'எம்.டி. பொது மருத்துவம்' என்று அச்சாகியிருந்தது. பட்டச் சான்றிதழில் பெத்தாலஜி, மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிந்ததிலும் பெத்தாலஜி, இதில் மட்டும் பொது மருத்துவம். எனக்கு முன் யாருக்கோ அடித்த படிவத்தில் பெயரையும் தேதியையும் மாற்றியவர்கள் பிரிவை மாற்றவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. தேர்வு எழுத அனுமதிக்கிறோம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருத்திய சான்றிதழ் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்றார்கள்.

கைநடுக்கத்தோடுதான் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தேன். ஐந்து ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். நான்காவதில், ஒரு செல்லின் சைட்டோபிளாசத்தில் ஆவர் ராடுகள் (லுகேமியா செல்களில் காணும் ஊசி போன்ற துகள்கள்) விறகுச் சுள்ளிகளைக் கட்டிப் போட்டதுபோலக் குவிந்துகிடந்தன. அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா, உடனடி சிகிச்சை தேவைப்படும் ரத்தப் புற்றுநோய். மரபணு முடிவுக்குக் காத்திருக்காமல் ஆட்ரா மருந்தை உடனே தொடங்கச் சொல்லி, உறைதல் பரிசோதனைகளையும் கேட்டு, சிகிச்சை மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பேன் என்று எழுதினேன். வாய்மொழியில், மரபணு மாற்றம் எதுவும் தெரியாத எம்.டி.எஸ். (மஜ்ஜையில் ரத்த செல்கள் சரியாக உருவாகாத நோய்) நோயாளிக்கு 12 சதவீதம் பிளாஸ்ட் (முதிராத செல்கள்) இருந்தால் எப்படி ரிப்போர்ட் எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். ரத்தப் புற்றுநோய்களுக்கு 2022-இல் வந்த இரண்டு வகைப்பாடுகளும் இங்கே பிரிகின்றன: உலக சுகாதார நிறுவனத்தின் 5-ஆம் பதிப்பில் அது எம்.டி.எஸ்.-தான், ஐ.சி.சி. என்ற சர்வதேச வகைப்பாட்டில் எம்.டி.எஸ்./ஏ.எம்.எல். (ஏ.எம்.எல். என்பது ஒரு தீவிர ரத்தப் புற்றுநோய்). இரண்டையும் சொன்னேன். இந்த வேறுபாட்டைப் படித்துவிட்டுப் போகாதவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

அன்றிரவு நீலகிரி எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி, விடியுமுன் ஈரோட்டில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் நான் எம்.டி. படித்த கல்லூரிக்குப் போனேன். பத்தரை மணிக்குத்தான் இருக்கைக்கு வந்த எழுத்தர், தாளைப் பார்க்காமலேயே, "நாங்க குடுத்தது சரியாத்தானுங்க டாக்டரம்மா இருக்கும்" என்றார். வரியைக் காட்டியதும், "இதையெல்லாம் அங்க யாருங்க படிக்கறாங்க?" என்றார். பிறகு, டீன் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்று கோப்பை மூடிவிட்டார். தவறு அவர்களுடையது, இடத்தை இழக்கப்போவது நான். ஒரு வருத்தச் சொல்கூட அவரிடமிருந்து வரவில்லை. புதன்கிழமை முழுவதும் அந்த வராந்தாவிலேயே கழிந்தது.

மாலையில் பெத்தாலஜி துறைத்தலைவரைப் பார்த்தேன். டீன் விடுப்பில் போனால் பொறுப்பில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அவருடைய கையெழுத்து செல்லும் என்று அவர்தான் சொன்னார். நான் பெத்தாலஜியில் படித்ததற்கு ஒரு கடிதமும் கொடுத்தார். மறுநாள் காலை, திருத்தம் கோரும் மனுவை இரண்டு படியாக எழுதி, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரையைப் பார்த்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, என் பெயருக்கு நேரே இருந்த பிரிவைக் கண்காணிப்பாளரே படித்துக் காட்டினார். மாலை நான்கு மணிக்குப் பொறுப்பு அலுவலர் கையெழுத்திட்டார். இம்முறை அங்கேயே நின்று, பெயர், இனிஷியல், பிரிவு, தேதி என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். இனிஷியல் ஒன்று விடுபட்டிருந்தது, அதையும் திருத்தி வாங்கினேன். இரவு சேரன் எக்ஸ்பிரஸ். வெள்ளிக்கிழமை காலை 10.40-க்குச் சென்னையில் சான்றிதழைச் சமர்ப்பித்துவிட்டு, அந்தக் கட்டடத்தின் படிக்கட்டிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஜ்ஜை ஸ்மியரில் (ஸ்லைடில் மெலிதாகப் பரப்பிய மஜ்ஜையில்) 500 செல்கள் எண்ணும் பழக்கம் முதல் மாதத்திலேயே கைவந்துவிடும். நான் ஊரில் செய்துவந்த ஒரு தவறு மட்டும் அங்கே போய்த்தான் தெரிந்தது: ட்ரெஃபைன் எலும்பை (மஜ்ஜைப் பரிசோதனைக்கு எடுக்கும் எலும்புத் துண்டு) சீக்கிரம் மென்மையாக்க வேண்டும் என்று அமிலத்தில் போட்டுவந்தேன். அமிலம் டி.என்.ஏ.-வைச் சிதைத்துவிடுவதால், அந்த பிளாக்கை (மெழுகில் பதித்த துண்டு) வைத்துப் பிறகு மரபணுப் பரிசோதனை செய்ய நினைத்தால் நம்பகமான முடிவு வராது. எலும்பை மென்மையாக்கும் இன்னொரு வேதிப்பொருளான ஈ.டி.டி.ஏ. கூடுதல் நேரம் எடுத்தாலும் அதுவே நல்லது. சேருமுன், மாதத்துக்கு எத்தனை மஜ்ஜை மாதிரிகள் வருகின்றன, ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை லேசர் ஒளியால் ஆராயும் பரிசோதனை) கேட்டிங், அதாவது செல் கூட்டங்களைப் பிரித்தெடுப்பதை, நாமே செய்ய நம்மை உட்கார வைப்பார்களா அல்லது அச்சிட்ட ரிப்போர்ட்டைத்தான் காட்டுவார்களா என்று அங்கே ஏற்கெனவே பயிலும் ஃபெல்லோவிடம் தனியாகக் கேளுங்கள். லாக் புத்தகத்தில் வாரந்தோறும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். என் வழிகாட்டி பத்தாவது மாதத்தில் மாற்றலாகிப் போனபோது, கையெழுத்து வாங்காதிருந்த சக ஃபெல்லோ ஒருவர் மிகவும் அலைந்தார்.

சேரும்போது மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பட்டியலிட்டு, எண்ணிக்கை எழுதி, முத்திரையோடு ஒப்புகை கேளுங்கள். நான் ஆறு கொடுத்திருந்தேன். முடித்து வெளியேறும் நாளில் உறையில் ஐந்துதான் இருந்தன. ஒப்புகையை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் தேடினார்கள். என் எம்.பி.பி.எஸ். பட்டச் சான்றிதழ் வேறொருவர் கோப்பிலிருந்து அரை மணி நேரத்தில் கிடைத்தது.