எந்த வருஷத்து இன்ஜின்?

நீராவி இன்ஜின் என்ன நிறம் என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் கறுப்பு என்பார்கள். அந்தக் கறுப்புக்கு மேலே எத்தனை நிறம் ஏறியிருக்கிறது, அடியிலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது சில காலம் எனக்கு வேலையாகவே இருந்தது. ரயில்வே பணிமனை ஒன்றின் பெயிண்ட் பிரிவில் சேர்ந்து, அங்கேயே மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெட்டி, வேகன், டீசல் இன்ஜின் என்று எவ்வளவோ எங்கள் கைவழியாகப் போயிருக்கின்றன. ஆனால் பெயிண்ட்டே ஒரு ஆவணம் என்று எனக்குக் காட்டியது, ஒரு ஸ்டேஷன் வாசலில் பீடத்தின்மேல் நின்றிருந்த மீட்டர் கேஜ் ஒய்.பி. இன்ஜின்தான்.

ஒய்.பி. வகையில் ‘ஒய்’ மீட்டர் கேஜைக் குறிக்கும், ‘பி’ பயணிகள் வண்டியைக் குறிக்கும். 1949இல் முதல் 20 இன்ஜின்கள் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து வந்தன. பிறகு ஜெர்மனியின் கிராஸ்-மாஃபெய், ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ், அதற்கப்புறம் ஜாம்ஷெட்பூரில் டாட்டா. 1970 வரை மொத்தம் 871 செய்யப்பட்டன. நம் பக்கத்து மீட்டர் கேஜ் பாதைகளில் இரவும் பகலும் பாசஞ்சர் இழுத்தவை இவை. டீசல் வந்தது, அகலப்பாதை வந்தது, பெரும்பாலானவை எடைக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றில் சில ஸ்டேஷன் வாசல்களிலும் பூங்காக்களிலும் அலுவலக முகப்புகளிலும் நிற்கின்றன. நாங்கள் சீரமைத்தது அப்படி ஒன்று.

பீடத்தில் நிற்கிற இன்ஜினுக்கு ஒரு ஆபத்து உண்டு. யாராவது பெரிய அதிகாரி வருகிறார் என்றால் அதற்கு ஒரு கோட் பெயிண்ட் கிடைக்கும். சக்கரத்துக்கு வெள்ளை, பாய்லருக்குப் பளபளவென்று ஒரு நிறம், முன்பக்கப் புகைப்பெட்டியான ஸ்மோக்பாக்ஸுக்கு வெள்ளிப் பூச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க நேரம் இருக்காது. பழைய பெயிண்ட்டைச் சுரண்டாமல், துருவைக் கழுவாமல் மேலே மேலே பூசிக்கொண்டே போனால், துரு மூடிக்கொண்டுதான் வளரும்.

எங்களிடம் வந்தபோது அந்த இன்ஜின் அப்படித்தான் இருந்தது. வெளியே நல்ல பச்சை. ஸ்மோக்பாக்ஸ் கதவைத் திறக்கவே ஃபிட்டர்கள் படாத பாடு பட்டார்கள். உள்ளே, அடித்தகடு இருந்த இடத்தில் பாதிக்குத் தகடே இல்லை. இதற்குக் காரணம் எளியது. நிலக்கரி எரிந்த சாம்பலிலும் கரியிலும் கந்தகம் இருக்கும். கடைசி ஓட்டம் முடிந்து நிறுத்தியபோது அதை யாரும் முழுசாக வாரவில்லை. புகைபோக்கி வாய் திறந்தபடி இருந்ததால் ஒவ்வொரு மழையும் நேரே உள்ளே இறங்கியது. கந்தகமும் தண்ணீரும் சேர்ந்தால் அமிலம். அது தேங்கி நின்ற இடத்தைத் தின்றுவிட்டது. புகைபோக்கிக்கு ஒரு தகரமூடி, அடியில் நீர் வடிய ஒரு துளை, இந்த இரண்டும் ஆரம்பத்திலேயே இருந்திருந்தால் அந்தத் தகடு இன்னும் பல தலைமுறைக்கு நின்றிருக்கும். இன்ஜின் பாதுகாப்பு என்று யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: புகைபோக்கிக்கு மூடி போட்டீர்களா?

பாய்லரும் கிட்டத்தட்ட இதே கதை. நாம் வெளியே பார்க்கிற வழவழப்பான உருளை பாய்லர் இல்லை, அதன் மேல் போர்த்திய மெல்லிய தகடு. இரண்டுக்கும் நடுவே சூடு போகாமல் இருக்க ஒரு பொதி இருக்கும். மழைத்தண்ணீர் தகட்டின் இணைப்பு வழியாக உள்ளே போய்விட்டால், அந்தப் பொதி ஈரத்தை மாதக்கணக்கில் பாய்லர் உடம்போடு சேர்த்துப் பிடித்துவைக்கும். பழைய இன்ஜின்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் முகமூடி இல்லாமல், நனைக்காமல் அதைத் தொடக் கூடாது. எங்கள் காலத்துக்கு முந்தைய மூத்தவர்கள் வெறுங்கையால் அதை வாரிப் போட்டவர்கள். அந்த நுரையீரல்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

என் வேலைக்கு வருகிறேன். முழு இன்ஜினையும் மணல் அடித்துச் சுத்தம் செய்வது என்று முடிவாகியிருந்தது. அது விரைவான வழி. ஒரே நாளில் எல்லாப் பூச்சும் போய்விடும். அதற்கு முன்னால் கொஞ்சம் இடம் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கேபின் பக்கத் தகட்டில் ஒன்று, பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டரில் ஒன்று, சிலிண்டர் உறையில் ஒன்று என்று சின்னச் சின்ன இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். தண்ணீர் தொட்டு, எமரித் தாளால், முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசானது என்று வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் அதிக ஆழம், ஓரத்தில் குறைவு. சரியாகச் செய்தால், வெட்டிய மரத்தின் வளையங்கள் மாதிரி ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும்.

மேலே பச்சை. அதற்கடியில் வெள்ளி. அதற்கடியில் நீலம். இவை மூன்றும் பீடத்துக்கு வந்த பிறகு பூசியவை; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே தூசியும் துருப்பொடியும் அப்படியே இருந்ததிலிருந்தே அது தெரிந்தது. நீலத்துக்கு அடியில் வந்த கறுப்பு வேறு ஜாதி. எண்ணெயும் புகையும் ஊறிய கறுப்பு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கறுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு பெரிய ஓவர்ஹாலின்போது பூசியது. எல்லாவற்றுக்கும் அடியில் செங்காவி நிறத்தில் பிரைமர். டெண்டர் பக்கம் தேய்த்தபோது கறுப்புக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு வந்தது. கையை நிறுத்திவிட்டு, அந்தக் கோடு போகிற திசையிலேயே மெல்லத் தேய்த்தோம். எழுத்து. நிழல் விழுகிற மாதிரி ஓரத்தில் சிவப்பு வைத்து, கையால் எழுதிய எழுத்து.

அதை எழுதிய பெயிண்டர் யாரென்று தெரியாது. ஆனால் அந்தக் கை எனக்குப் புரிந்தது. தூரிகையை எங்கே அழுத்தினார், எங்கே எடுத்தார், வளைவில் எங்கே மூச்சைப் பிடித்தார் என்பது தெரிந்தது. நானும் அப்படி எழுதிப் பழகியவன். மணல் அடித்திருந்தால் அது சில நொடியில் போயிருக்கும். டிரேசிங் தாள் வைத்து முழுசாகப் பிரதி எடுத்தோம், அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம், ஒவ்வொரு நிறத்துக்கும் வண்ண அட்டையில் பொருத்தம் பார்த்துக் குறித்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் விவாதம் வந்தது. என்ன நிறம் பூசுவது? ஒரு அதிகாரிக்குப் பச்சைதான் வேண்டும். மக்கள் அந்தப் பச்சை இன்ஜினோடுதான் படம் எடுத்துப் பழகியிருக்கிறார்கள் என்றார். இன்னொருவர், தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படி வேண்டும் என்றார். ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவரை அழைத்திருந்தோம். அவர் இன்ஜினைச் சுற்றி வந்துவிட்டு, “தம்பி, நாங்க ஓட்டினப்போ முகத்துல ஒரு நட்சத்திரம் இருக்கும். ஃபயர்மேன் பசங்க தினமும் துடைப்பாங்க. அது இல்லாம இது எங்க இன்ஜினே இல்ல” என்றார். அவர் சொன்ன நட்சத்திரம் தொழிற்சாலையில் வந்ததில்லை, இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கிற ஷெட்டில் வைத்தது. அப்படியானால் அது அசலா, இல்லையா?

இந்தக் கேள்வியை உலகம் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ இன்ஜின் 1923இல் டான்காஸ்டரில் 1472 என்ற எண்ணோடு வெளியே வந்தது. அடுத்த வருஷம் வெம்பிளி பொருட்காட்சிக்குப் போனபோது 4472 ஆயிற்று, ஆப்பிள் பச்சை நிறம். போர்க்காலத்தில் கறுப்பு. 1947இல் ஏ1 வகையிலிருந்து ஏ3 வகைக்கு மாற்றிக் கட்டினார்கள். 1948க்குப் பிறகு எண் 60103. டிரைவர் வலப்பக்கம் நின்று ஓட்டியது 1954இல் இடப்பக்கத்துக்கு மாறியது. 1950களின் கடைசியில் இரட்டைப் புகைபோக்கி, 1961இல் புகையை மேலே தள்ள முகத்தின் இரு பக்கமும் தகடுகள். 1963இல் ஓய்வுபெற்றதும் அதை வாங்கிய ஆலன் பெக்லர், இந்த மாற்றங்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஆப்பிள் பச்சையில் 4472 ஆக்கினார். மக்கள் மனதில் நின்றது அதுதான். ஆனால் 2016இல் பெரிய சீரமைப்பு முடிந்து திரும்பியபோது அது இரட்டைப் புகைபோக்கியும் தகடுகளுமாக, பிரிட்டிஷ் ரயில்வேயின் அடர்பச்சையில், 60103 என்ற எண்ணோடு வந்தது. பழைய நிறம்தான் வேண்டும் என்று வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர்.

எனக்கு 2016இல் செய்ததே சரியென்று படுகிறது. உள்ளே இருக்கிற பாய்லரும் புகைபோக்கியும் எந்தக் காலத்தவையோ அந்தக் காலத்து வண்ணமே வெளியேயும் இருக்க வேண்டும். பிற்காலத்து உடம்புக்கு முற்காலத்துச் சட்டை மாட்டினால், எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு இன்ஜினை நாமே உருவாக்கிவிடுகிறோம்.

நம் நாட்டிலேயே இதைவிடச் சிக்கலான கதை உண்டு. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காக 1855இல் லீட்ஸ் நகரத்தில் கிட்சன், தாம்ப்சன், ஹியூவிட்சன் நிறுவனம் செய்த இன்ஜின்களில் 22ஆம் எண்தான் ‘ஃபேரி குவீன்’. 1909 வரை வேலை செய்து, ஹவுரா ஸ்டேஷனில் பீடமேறி, 1943இல் சந்தௌசி பயிற்சிப் பள்ளிக்குப் போய், பின்னர் டெல்லி ரயில் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1997இல் மறுபடி ஓடியது. மறு வருஷம் ஓடும் நிலையிலுள்ள உலகின் மிகப் பழைய இன்ஜின் என்று கின்னஸில் ஏறியது. ஃபேரி குவீன் என்ற பெயரே அதற்கு 1895இல்தான் கிடைத்தது. 1855இல் இருந்தபடி காட்ட வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், நாம் எல்லோரும் அறிந்த அந்தப் பெயர்ப்பலகையை முதலில் கழற்ற வேண்டியிருக்கும்!

அதன் உடன்பிறப்பு 21ஆம் எண் ‘எக்ஸ்பிரஸ்’. நெடுங்காலம் ஜமால்பூர் பணிமனையில் காட்சிப்பொருளாக நின்றதை 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது போனபோது பாலங்களின்மேல் நின்று பார்த்த கூட்டத்தை மறக்க முடியாது. அதில் ஏர் பிரேக் இருக்கிறது, ஜி.பி.எஸ். வேகமானி இருக்கிறது, மின்மோட்டாரில் ஓடும் தண்ணீர் பம்பு இருக்கிறது. 1855இல் ஏது இதெல்லாம் என்று சிலர் குறைபட்டார்கள். அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. மின்சார ரயில் ஓடுகிற பாதையில், ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் நம்பகமான பிரேக் வேண்டும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: சேர்த்தது எது, இருந்தது எது என்று பார்க்கிறவருக்குத் தெரிகிறதா? புதுசைப் பழசு மாதிரி வேஷம் கட்டி மறைப்பதைவிட, புதுசு புதுசாகவே தெரிவது நேர்மை.

நீலகிரி மலை ரயிலில் இன்னொரு வழியைப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 முதல் 1925 வரையும், பிறகு 1952இலும் செய்த எக்ஸ் வகை இன்ஜின்களுக்குத் துணையாக, பொன்மலை பணிமனை அதே வடிவத்தில் புது இன்ஜின்களையே கட்டியது. முதலில் எண்ணெயில் எரிபவை, 2021இல் நிலக்கரியில் எரிவது. பழையதைச் சாகும்வரை ஓட்டித் தேய்க்காமல், வேலையைப் புதியதுக்குக் கொடுப்பதும் ஒரு பாதுகாப்புதான். பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏற நான்கு சிலிண்டர் வைத்த அந்த அமைப்பை இன்றும் நம் ஊர்க் கைகள் செய்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் ஒய்.பி.க்கு ஓட்டம் கிடையாது, நிற்பதுதான். அதனால் கடைசியாக வேலை செய்த காலத்துத் தோற்றம் என்று முடிவாயிற்று. கறுப்பு, மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல், முகத்தில் டிரைவர் சொன்ன நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு ஆதாரமாக ஸ்மோக்பாக்ஸ் கதவில் அதைப் பொருத்திய துளைகளும் கிடைத்துவிட்டன. அவருடைய நினைவு பிசகவில்லை. விசில், தண்ணீர் அளவுக் கண்ணாடி, பித்தளைக் கைப்பிடிகள் எல்லாம் எப்போதோ போயிருந்தன. சிலவற்றை நாங்களே வார்த்துச் செய்தோம். செய்த ஒவ்வொன்றின் பின்புறமும் செய்த வருஷத்தை உளியால் பதித்தோம். அரித்த தகட்டை வெட்டிப் புதுத்தகடு வைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தோம்.

மணல் அடிக்கும்போது கேபினுக்குள் ஒரு மூலையை மட்டும் தகடு வைத்து மறைத்துக்கொண்டோம். தேய்த்தெடுத்த வளையங்கள் பச்சையிலிருந்து செங்காவி வரை அங்கே அப்படியே இருக்கின்றன, மேலே வார்னிஷ் மட்டும். பீடத்தின்மேல் இப்போது கூரை இருக்கிறது. புகைபோக்கிக்கு மூடியும் இருக்கிறது.

எங்கள் குறிப்புகளும் டிரேசிங் தாள்களும் சேர்ந்து ஒரு கோப்பு இருக்கிறது. அதில் இன்னும் நிரப்ப முடியாத பக்கங்கள் உண்டு. டெண்டரின் பின்பக்கம் எப்படி எழுதியிருந்தது என்பதற்குத் தடயம் ஏதும் கிடைக்கவில்லை. கேபின் கூரையின் உட்புற நிறமும் தெரியவில்லை. இந்த மாதிரி விவரங்கள் அலுவலகக் காகிதங்களில் இருப்பதில்லை. வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன. அப்பாவோ தாத்தாவோ ரயில்வேயில் இருந்திருந்தால், மீட்டர் கேஜ் காலத்தில் பிளாட்பாரத்தில் நின்று எடுத்த குடும்பப் படம் ஏதாவது இருந்தால், ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மனிதர்களுக்குப் பின்னால் ஒரு இன்ஜின் நின்றால், எண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், படத்தின் பின்பக்கம் ஊரையும் வருஷத்தையும் எழுதிவையுங்கள். உங்கள் ஊர் இன்ஜினுக்கு அடுத்த முறை வண்ணம் பூச வருகிறவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.