எண் முன்னால், மீன் பின்னால்

ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில், கடல் உணவு வாங்கி அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் கரைக்கு வந்த சரக்கின் எடையும் விலையும் தினமும் மின்னஞ்சலில் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். எக்ஸெல் கோப்பாக அனுப்பலாம்தான். ஆனால் படிப்பவர்களில் பாதிப் பேர் லாரி ஏற்றும் இடத்தில் போனும் கையுமாக நிற்பவர்கள். மடலைத் திறந்ததும் விவரம் கண்ணில் பட வேண்டும். அதனால் வெறும் எழுத்துதான்.

முன்பெல்லாம் மீன் பெயர் முதலில் வரும், அப்புறம் இடைவெளி தட்டி எடை, விலை. கணினியில் நேராக நின்ற பட்டியல் போனில் கலைந்துவிடும். "தம்பி, சீலாவுக்கு நேரா நிக்கிறது நண்டு விலையா?" என்று அங்கிருந்து கேட்பார்கள்.

கூரியர் போன்ற எழுத்துருவில் ஆங்கில எழுத்தெல்லாம் ஒரே அகலம். ஆனால் அந்த வகையைச் சேர்ந்த கூரியர் நியூவில் தமிழே கிடையாது. கணினி நிர்மலா யுஐ போன்ற வேறொன்றிலிருந்து இரவல் வாங்கும். அதில் 'ணை' அகலம், 'ர' ஒல்லி. எண்ணி இடம் விட்டாலும் சரிவராது. நெத்திலி, கணவாய் இரண்டும் நமக்கு நாலெழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு முறையில் நெத்திலிக்கு 8 குறிகள், கணவாய்க்கு 6. அந்தக் குறிகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் பைட்டாக எண்ணும் நிரலுக்கு அதுவே 24, 18. டேப் தட்டினாலும் அது எவ்வளவு தள்ளும் என்பது படிப்பவரின் மென்பொருள் கையில் இருக்கிறது.

இப்போது எடை, விலை என எண்களை முன்னால் போட்டு, பெயரைக் கடைசியில் வைக்கிறேன்:

085 420 நண்டு
140 095 காரல்
012 310 கணவாய்

பெரும்பாலான எழுத்துருக்களில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே அகலம். இடைவெளிதான் அதைவிட ஒடுங்கியது. ஆகவே குறையும் இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பினால் அநேகமாக எந்தத் திரையிலும் வரிசை நேராக நிற்கிறது. பெயர் எவ்வளவு நீண்டாலும் அதற்குப் பின்னால் கலைவதற்கு ஒன்றுமில்லை. பூஜ்யம் பார்வைக்கு உறுத்துகிறது என்று சொல்பவர்கள் உண்டு. விலை மாறிப் படிக்கப்படுவதைவிட அந்த உறுத்தல் எவ்வளவோ மேல் என்றே நினைக்கிறேன்.

வரி நீளத்தையும் பார்க்க வேண்டும். மின்னஞ்சல் விதி வரிக்கு 78 எழுத்துக்குள் நிறுத்தப் பரிந்துரைக்கிறது. போன் திரையில் அதில் பாதிக்கே மடங்கிவிடும். அதனால் படகு விவரம், ஐஸ் செலவு எல்லாம் பட்டியலுக்குக் கீழே தனி வரிகளாகப் போகின்றன. மொத்தத்தையும் எண்களுக்கு அடியில் நிறுத்தாமல் 'மொத்த எடை 237 கிலோ' என்று வார்த்தையோடே எழுதிவிடுகிறேன்.