பல் சுகாதாரவியல் படிப்பில் சேரும் முன் பழக்க வேண்டியது கையைத்தான்

பல் சுகாதாரவியல் படிப்பில் இடம் கிடைத்தவர்களும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களும், முதலாண்டை முடித்திருக்கும் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, எந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்துவைக்கலாம் என்பதைத்தான். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் ஆகியவற்றில் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் கையில் சில மாதங்களே இருக்குமானால், பல்வேர்களின் வடிவத்தை மனத்தில் பதிய வைப்பதற்கும் கையைப் பழக்குவதற்கும்தான் அந்த நேரத்தைச் செலவிடச் சொல்வேன். இந்தத் தொழிலின் கடினமான பகுதி கண்ணுக்கே தெரியாத இடத்தில் நடக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

பல்லில் படிந்து கல்போல் இறுகிய அழுக்கைத்தான் காரை என்கிறோம். ஈறுக்கு மேலே படிந்திருக்கும் காரையைக் காற்றால் உலர்த்திப் பார்த்தால் சுண்ணாம்பு நிறத்தில் தெரிந்துவிடும். ஈறுக்குக் கீழே வேரோடு ஒட்டி இறுகிய காரையை அப்படிப் பார்க்க முடியாது. எக்ஸ்ப்ளோரர் என்னும் மெல்லிய கருவியின் நுனியை ஈறு இடுக்கினுள் செலுத்தி, வேரின் மேல் மெதுவாக நகர்த்தி, அது தடுக்கும்போது விரல்களுக்கு வந்து சேரும் அதிர்வைக் கொண்டுதான் காரை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்கிறோம். அந்த அதிர்வுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் வேரின் இயல்பான மேடு பள்ளங்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனாமலும் வேரைப் போர்த்தியுள்ள சிமென்டமும் சந்திக்கும் கோட்டில் கருவி லேசாகத் தட்டும். புதியவர்கள் அதைக் காரை என்றே எண்ணிச் சுரண்டத் தொடங்குவார்கள். மேல்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லில், முன்பற்களை நோக்கிய பக்கத்தில், வேர்வரை இறங்கும் ஒரு பள்ளம் உண்டு. அதை அறியாதவரின் கருவி பள்ளத்தின் இரு கரைகளையும் தொட்டுவிட்டு நடுவில் இருக்கும் காரையை அப்படியே விட்டுவிடும். மேல் கடைவாய்ப்பற்களுக்கு மூன்று வேர்கள், கீழ் கடைவாய்ப்பற்களுக்கு இரண்டு. அந்த வேர்கள் எங்கே பிரிகின்றன, பிரியும் கவட்டின் வாய் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைப் படத்தில் பார்த்தால் மட்டும் போதாது. களிமண்ணிலோ சோப்பிலோ ஒரு பல்லை வேரோடு செதுக்கிப் பாருங்கள். புத்தகத்தில் பல முறை படித்தும் தங்காத ஒரு வளைவு, ஒரு முறை கையால் செதுக்கினால் தங்கிவிடுகிறது.

கருவியைப் பிடிக்கும் முறையையும் இப்போதே தொடங்கிவிடலாம். எழுதும்போது நடுவிரல் பேனாவுக்கு அடியில் தாங்கலாக இருக்கும், இங்கே அப்படியில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நின்று கைப்பிடியைப் பிடிக்க, நடுவிரலின் சதைப்பகுதி கருவியின் கழுத்தில் மெல்லப் படிந்து அதிர்வை உணர, மோதிர விரல் அருகிலுள்ள பல்லின் மேல் ஊன்றி நிற்க வேண்டும். அசைவு விரல்களிலிருந்து அன்றி மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து திரும்புவதிலிருந்து வர வேண்டும். பல வருடங்கள் எழுதிப் பழகிய கை இதற்கு எளிதில் இணங்காது. ஒரு பென்சிலை இப்படிப் பிடித்து, மோதிர விரலை மேசை விளிம்பில் ஊன்றி, சிறு சிறு கோடுகளை இழுத்துப் பழகினால் போதும். செலவில்லாத இந்தப் பயிற்சிக்கு இணையாக வேறொன்றை நான் அறியேன். விரல் நுனிகள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கினால் தொடு உணர்வு மங்கிவிடும் என்பதையும் அப்போதே கவனியுங்கள்.

கண்ணாடி வழியே வேலை செய்வதும் அவ்வாறே. மேல் பற்களின் உட்புறத்தைப் பெரும்பாலும் வாய்க்கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை வைத்துத்தான் பார்க்கிறோம். ஒரு தாளின் எதிரே கண்ணாடியை நிறுத்தி, தாளை நேரே பார்க்காமல் பிம்பத்தை மட்டும் பார்த்து அதில் வரைந்த வட்டத்தின் மேலேயே மீண்டும் கோடு இழுத்துப் பாருங்கள். கை எதிர்த்திசையில் ஓடும். அந்தக் குழப்பம் நோயாளியின் வாயில் நேர்வதைவிடத் தாளில் நேர்ந்து தீர்வது நல்லது.

மனப்பாடம் செய்ய விரும்புகிறவர்கள் பல் எண்களை எடுத்துக்கொள்ளலாம். உலகின் பெரும்பகுதியில் வழங்கும், உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் எஃப்.டி.ஐ. முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல்; அமெரிக்காவில் வழங்கும் 1 முதல் 32 வரையிலான முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். சேரப்போகும் கல்லூரி எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொண்டு, அதைத் தயங்காமல் சொல்லும்வரை பழகுங்கள். ஈறு இடுக்கின் ஆழத்தை ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் அளப்பதால், 32 பற்களுக்கு 192 எண்கள் வரும். அளப்பவர் சொல்லச் சொல்ல மற்றவர் குறித்துக்கொண்டே போவார். எந்தப் பல் என்று யோசிக்க அப்போது நேரமிருக்காது.

தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணைகளும் முடிய 6 மாதங்கள் ஆகும். எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்ய அதன் பிறகும் ஓரிரு மாதங்கள் வேண்டும். கூர்மையான கருவிகளோடும் இரத்தத்தோடும் நாள் முழுவதும் புழங்கும் தொழிலில் இது வெறும் சடங்கு அன்று.

மருந்தியல் பெரிய கடல் என்று அஞ்ச வேண்டாம். வாயைப் பாதிக்கும் மருந்துகளிலிருந்து தொடங்கினால் பாடம் உயிர்பெறும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிடோயின், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நிஃபெடிபின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரின் ஆகிய மூன்றும் சிலருக்கு ஈறுகளை வீங்கி வளரச் செய்கின்றன. நோயாளி எழுதித் தந்த மருந்துப் பட்டியலைப் படிக்காமல் வாயை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலே நோய் வராமல் தடுப்பதற்காகப் பிறந்தது. ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1906-இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யப் பயிற்சி அளித்தார். 1913-இல் பிரிட்ஜ்போர்ட் நகரில் இதற்கென்றே முதல் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் பள்ளிக் குழந்தைகளின் பற்களைச் சுத்தம் செய்ததோடு, அவற்றைப் பேணும் விதத்தையும் கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே பேச்சும் நம் கருவிகளில் ஒன்று, அதற்கும் பயிற்சி வேண்டும். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் பலரும் பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே பல்லில் ஒட்டும் கிருமிப் படலம் மேலும் சேர, வீக்கம் கூடி, அடுத்த முறை இன்னும் எளிதாக இரத்தம் வருகிறது. இதைக் குற்றம் சாட்டாமல், கலைச்சொல் கலக்காமல், ஒரு நிமிடத்திற்குள் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்றும் கேளுங்கள். முடியவில்லையென்றால் விளக்கத்தை மாற்றி மீண்டும் சொல்லுங்கள்.